பிளாஸ்டிக்: ஒரு பெயர், பல பொருள்கள்

மீனவரின் வலையில் கட்டிய மிதவையும், வயலுக்குப் போகும் உரப்பையும், குசினியில் அடுக்கிய மெலமைன் கோப்பையும் பிளாஸ்டிக்தான். ஆனால் இவை அனைத்தும் ஒரே பொருள் அல்ல. இந்த வேறுபாட்டை அறியாததால்தான் கொதிக்கும் நோன்புக் கஞ்சியை சொப்பிங் பேக்கில் வாங்குகிறோம். எரிக்கக் கூடாததை முற்றத்தில் எரிக்கிறோம். எனவே பிளாஸ்டிக்கை வகை பிரித்து அறிவது பரீட்சைக்கு மட்டுமன்றி வீட்டுக்கும் பயன்படும் அறிவாகும்.

பிளாஸ்டிக் என்றால் என்ன?

'உருக்கொடுக்கத் தக்கது' எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது இப்பெயர். தமிழில் நெகிழி என்றும் கூறுவர். ஒரு நூலில் கோத்த தஸ்பீஹ் மணிகளைப் போல, சிறிய மூலக்கூறுகள் ஆயிரக்கணக்கில் சங்கிலியாக இணைவதால் இது உண்டாகிறது. ஒவ்வொரு மணியும் ஒருபகுதியம். முழுச் சங்கிலி பல்பகுதியம். எதிலீன் மூலக்கூறுகள் இணைந்தால் பொலித்தீன் கிடைக்கும். இவற்றுக்கான மூலப்பொருள்கள் பெரும்பாலும் மசகு எண்ணெயிலிருந்தும் இயற்கை வாயுவிலிருந்தும் பெறப்படுகின்றன.

முழுவதும் செயற்கையான முதல் பிளாஸ்டிக்கான பேக்கலைற்றை 1907இல் லியோ பேக்லண்ட் உருவாக்கினார். பொலித்தீன் 1933இல் இங்கிலாந்தின் ஆய்வுகூடமொன்றில் தற்செயலாகக் கிடைத்தது. இரண்டாம் உலகப் போரில் ரேடார் கருவிகளின் மின்கம்பிகளுக்கு உறையாகப் பயன்பட்ட பின்னரே அது கடைப் பையாக மாறியது.

இரு பெரும் பிரிவுகள்

சூடாக்கினால் இளகி, ஆறினால் இறுகி, மீண்டும் உருக்கக் கூடியவை வெப்பமிளக்கும் பிளாஸ்டிக்குகள். போத்தல், வாளி, குழாய் என்பன இவ்வகையின. ஒருமுறை இறுகிய பின் மீண்டும் உருகாதவை வெப்பமிறுக்கும் பிளாஸ்டிக்குகள். சட்டியின் பேக்கலைற்றுக் கைப்பிடி, மெலமைன் கோப்பை, நமது கரைகளில் நிற்கும் பைபர் படகின் பிசின் ஆகியன இவ்வகையின. உடைந்த வாளியை உருக்கி வேறு பொருள் செய்யலாம். உடைந்த பைபர் படகை அவ்வாறு செய்ய முடியாது.

அடியில் உள்ள இலக்கம்

பல பொருள்களின் அடியில் முக்கோணத்துக்குள் ஓர் இலக்கம் இருக்கும். அது வகையைக் காட்டுகிறது.

1 - பீ.ஈ.ரி: தண்ணீர், மென்பானப் போத்தல்கள்.
2 - உயர் அடர்த்திப் பொலித்தீன்: கேன்கள், ஷாம்பு போத்தல்கள்.
3 - பீ.வி.சி: நீர்க்குழாய்கள், மின்கம்பி உறைகள்.
4 - தாழ் அடர்த்திப் பொலித்தீன்: மெல்லிய பைகள், உறைகள்.
5 - பொலிபுரொப்பிலீன்: சாப்பாட்டுப் பெட்டி, கயிறு, உரப்பை.
6 - பொலிஸ்ரைரீன்: ரெஜிபோம் பெட்டி, பல யோகட் கோப்பைகள்.
7 - நைலோன், பொலிகாபனேற்று முதலிய ஏனையவை.

சூடும் தீயும்

பீ.ஈ.ரி போத்தல் ஏறத்தாழ 70 பாகை செல்சியசில் இளகத் தொடங்கும். கொதிநீர் ஊற்றினால் அது சுருங்குவது இதனால்தான். சூடான, எண்ணெய்ப் பசையுள்ள உணவை ரெஜிபோம் பெட்டியில் இட்டால் ஸ்ரைரீன் உணவில் கலக்கக்கூடும். பொலிபுரொப்பிலீன் 160 பாகையளவில்தான் உருகும். ஆகவே 5ஆம் இலக்கப் பெட்டி சூட்டை ஓரளவு தாங்கும். ஆயினும் கஞ்சிக்கு சில்வர் பாத்திரத்தை மிஞ்சியது எதுவுமில்லை.

பிளாஸ்டிக்கைக் குப்பையோடு எரிப்பது இன்னும் கேடானது. பீ.வி.சி எரியும்போது ஐதரசன் குளோரைட்டு வாயுவும் டயொக்சின் எனும் நச்சுப் பொருள்களும் வெளிவரும். அந்தப் புகையை முதலில் சுவாசிப்பவர்கள் அடுப்படியில் நிற்கும் தாயும் முற்றத்தில் விளையாடும் பிள்ளையுமே.

மிதப்பதும் மூழ்குவதும்

ஒரு தண்ணீர்ப் போத்தலிலிருந்து ஒரு துண்டை வெட்டி, அதன் மூடியோடு கடல்நீரில் இட்டுப் பாருங்கள். போத்தல் துண்டு மூழ்கும், மூடி மிதக்கும். ஒரு லீற்றர் கடல்நீர் ஏறத்தாழ 1.025 கிலோகிராம் நிறையுடையது. பீ.ஈ.ரி அதைவிட அடர்த்தி கூடியது. மூடி செய்யப்படும் பொலித்தீனும் பொலிபுரொப்பிலீனும் அடர்த்தி குறைந்தவை. மிதக்கும் பையை கடலாமை சொறிமுட்டை என எண்ணி விழுங்குகிறது. அறுந்து மூழ்கும் நைலோன் தங்கூசி வலை பவளப்பாறையில் சிக்கி, மீனவர் கைவிட்ட பின்னும் மீனைப் பிடித்துக்கொண்டே இருக்கிறது. 2003இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட புறாத்தீவின் பவளப்பாறைகள் நமக்கு அருகிலேயே உள்ளன. மலைநாட்டிலிருந்து வரும் மகாவலியும் நமது கொட்டியாரக் குடாவில்தான் கலக்கிறது. ஆற்றில் எறிந்தது கடலுக்கே வரும்.

2021 மே மாதம் கொழும்புக்கு அப்பால் எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் தீப்பற்றி, பின்னர் மூழ்கியது. அதில் பிளாஸ்டிக் பொருள்களுக்கு மூலப்பொருளான சிறு மணிகள் ஏறத்தாழ 1,680 தொன் இருந்தன. அவற்றில் பெருந்தொகை கடலில் கொட்டியது. அவை பொலித்தீன் மணிகள் என்பதால் மிதந்து சென்று மேற்குக் கரையோரம் எங்கும் ஒதுங்கின. உக்காத பொருள் என்பதன் பொருளை அன்று நாடே கண்டது.

நாம் செய்யக் கூடியவை

20 மைக்ரோனும் அதற்குக் குறைந்ததுமான பொலித்தீன், லஞ்ச் சீட், ரெஜிபோம் உணவுப்பெட்டி ஆகியவை 2017 செப்டம்பர் முதல் இலங்கையில் தடை செய்யப்பட்டன. 2023 ஒக்டோபரில் ஒருமுறை பாவிக்கும் உறிஞ்சுகுழாய், கரண்டி, இடியப்பத் தட்டு போன்றவையும் அதில் சேர்ந்தன. ஆனால் சட்டம் கடைவரைதான் வரும். வீட்டுக்குள் வர வேண்டியது நமது பழக்கம்.

பிளாஸ்டிக் முற்றிலும் தீயதன்று. வைத்தியசாலையின் சேலைன் பையும் ஊசிக்குழலும் உயிர் காக்கின்றன, பீ.வி.சி குழாய் பல வீடுகளுக்கு நீர் கொண்டுவருகிறது. நீண்ட காலம் உழைக்கும் பொருளைப் பத்து நிமிடம் பாவித்து எறிவதே வீண்விரயம். பாதையில் கிடக்கும் தொல்லை தரும் பொருளை அகற்றுவது தர்மம் எனக் கற்றவர்கள் நாம். அதை முதலிலேயே பாதையில் போடாதிருப்பதும் அதைச் சேர்ந்ததே. இன்று வீட்டிலுள்ள போத்தல்களையும் பெட்டிகளையும் பிள்ளைகளும் பெற்றோரும் சேர்ந்து கவிழ்த்து, அடியிலுள்ள இலக்கத்தை வாசியுங்கள். எதில் சூடான உணவு வைக்கலாம், எதைக் கழுவி மீள்சுழற்சிக்குக் கொடுக்கலாம், எதை இனி வாங்கவே தேவையில்லை என்பதை அங்கேயே தீர்மானிக்கலாம்.