கை ஓயாது, காரியம் நகராது

லீட்ஸில் படித்தபோது ஒருநாள் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. நானோ குடையைத் தேடி, ஸ்கார்ஃபை மாற்றி, பூட்டிய கதவை மறுபடி திறந்து அடுப்பை அணைத்தேனா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். "ஸ்டாப் ஃபாஃபிங் அபவுட்!" என்று வாசலிலிருந்து கத்தினார் வீட்டுக்காரம்மா. கெட்ட வார்த்தையோ என்று திடுக்கிட்டேன். இல்லை, செல்லத் திட்டுதான்.

சும்மா உட்கார்ந்திருப்பதற்கு இந்தச் சொல் பொருந்தாது. கை பரபரக்கும், காரியம் மட்டும் நகராது. அதுதான் ‘ஃபாஃப் அபவுட்’. பழைய வட்டார வழக்கில் ‘ஃபாஃப்’ என்றால் காற்று விட்டுவிட்டு வீசுவதாம். எவ்வளவு பொருத்தம்!

பிரிட்டனில் இது தினசரிப் பேச்சு. அமெரிக்கர் பலர் இதைக் கேட்டால் விழிப்பார்கள். "பிரின்டரோடு ஒரு மணிநேரம் ஃபாஃபிங் அபவுட்" என்று நண்பரிடம் அலுத்துக்கொள்ளலாம். வேலை விண்ணப்பத்தில் எழுதிவிடாதீர்கள்.

அன்று பஸ் போய்விட்டது. அடுத்தது வரும்வரை அந்த அம்மா என்னோடு பேசவேயில்லை.