அப்பத்தா வளர்க்கும் பிள்ளை: காயம் எப்படி ஆறும்?

'ஃபாஸ்டர் கேர்' (வளர்ப்புப் பராமரிப்பு) என்றால் விருதுநகர் மாவட்டத்து வீரசோழன் பக்கம் ஏதோ வெளிநாட்டுச் சமாச்சாரம் என்பார்கள். தாய் தகப்பனை இழந்த பிள்ளையை அப்பத்தாவோ அம்மாச்சியோ சித்தப்பாவோ எடுத்து வளர்ப்பது இந்தச் சீமையில் காலங்காலமாக நடக்கிறது. மழை பொய்த்தால் சீமைக் கருவேலத்தை வெட்டிக் கரிமூட்டம் போட வேண்டும்; இல்லாவிட்டால் திருப்பூருக்கு பஸ் ஏற வேண்டும். அப்படிப்பட்ட வீட்டில் கூடுதலாக ஒரு தட்டு வைப்பதே பெரிய காரியம். சோறும் துணியும் எப்படியோ கிடைத்துவிடும். பிள்ளை மனசுக்குள் என்ன ஓடுகிறது என்று கேட்க யாருக்கும் நேரமில்லை.

அப்படி வந்த பிள்ளை, நாலு இட்லி வைத்தால் மூன்றைத் தின்றுவிட்டு ஒன்றைப் பாவாடையில் சுருட்டிப் புத்தகப் பைக்குள் ஒளித்துவைக்கும். ஊசிப்போன வாடை வந்த பிறகுதான் வீட்டில் தெரியும். 'களவாணிப் புத்தி' என்று முதுகில் நாலு வைப்பார்கள். பசியில் கிடந்து வந்த பிள்ளைகளிடம் இது சாதாரணமாகக் காணப்படும் பழக்கம். அடுத்த வேளை நிச்சயமில்லை என்று உடம்பு படித்த பாடம் வீடு மாறியதும் மறந்துபோகாது. ஒரு டப்பாவில் கடலைமிட்டாய் போட்டு, 'இது உனக்குத்தான், எப்ப வேணாலும் எடுத்துக்க' என்று கையெட்டும் இடத்தில் வைத்தால் ஒளிப்பது மெல்ல மெல்லக் குறையும். பத்து வயதில் பாயை நனைப்பது, கதவு படாரென்று சாத்தினால் மூலைக்கு ஓடுவது, அளவுக்கு மீறி அடங்கிக் கிடப்பது எல்லாம் இதே கணக்கில் சேரும். கடைசியாகச் சொன்னதைத்தான் நாம் 'நல்ல பிள்ளை' என்று மெச்சிக்கொள்கிறோம்.

இந்தக் காயம் ஆறுமா? பெரும்பாலும் ஆறும். ருமேனியத் தலைநகர் புகாரெஸ்டில் அநாதை விடுதிகளில் கிடந்த 136 குழந்தைகளில் பாதிப் பேரை வளர்ப்புக் குடும்பங்களில் சேர்த்து, இரு தரப்பையும் ஆண்டுக்கணக்கில் கவனித்தார்கள். குடும்பத்துக்குப் போனவர்கள் அறிவிலும் ஒட்டுதலிலும் தேறினார்கள். இரண்டு வயதுக்குள் போனவர்கள் இன்னும் நன்றாக. ஹவாயின் கவாய் தீவில் 1955-இல் பிறந்த 698 பேரைப் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்தவர் எம்மி வெர்னர். வறுமையும் சண்டையும் மலிந்த வீட்டுப் பிள்ளைகளில் மூன்றில் ஒருவர் நன்றாகவே தலையெடுத்ததைக் கண்டார். அவர்களுக்கு, கைவிடாத பெரியவர் ஒருவராவது இருந்தார். பெற்றோர் இல்லாத இடத்தில் பாட்டி, அத்தை, வாத்தியார் என்று யாரோ ஒருவர். நம் அப்பத்தாக்கள் ஆய்வு படிக்காமலே இதைச் செய்துகொண்டிருக்கிறார்கள்.

கூடப்பிறந்தவர்களைப் பிரித்து, வீட்டுக்கு ஒருவராக அனுப்புவது இன்னொரு வேதனை. பக்கத்துத் திருச்சுழியில் 1892-இல் வக்கீல் சுந்தரமய்யர் இறந்தபோதும் இதுதான் நடந்தது. மூத்த பையன்கள் இருவரும் மதுரையில் சித்தப்பா வீட்டுக்கு. சின்னவர்கள் தாயோடு மானாமதுரைக்கு. மதுரைக்குப் போனவர்களில் இளையவன், 12 வயது வேங்கடராமன், பின்னாளில் ரமண மகரிஷி. உடன்பிறந்தோரைக் கூடியவரை ஒரே வீட்டில் வையுங்கள் என்கின்றன இன்றைய வழிகாட்டு நெறிமுறைகள்.

சட்டம் என்ன தருகிறது? 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், 44-ஆம் பிரிவில் வளர்ப்புப் பராமரிப்பை அங்கீகரிக்கிறது. மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில் பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய் உண்டு. உறவினர் வீட்டில் வளரும் பிள்ளைக்கும் நிதி ஆதரவு கேட்கலாம். ஆனால் கிராமத்தில் குடும்ப ஆண்டு வருமானம் 72,000 ரூபாயைத் தாண்டக் கூடாது. மாதம் 6,000! இரண்டு பேர் கூலிக்குப் போனாலே தாண்டிவிடும். 2025 செப்டம்பரில் தொடங்கிய தமிழக அரசின் 'அன்புக் கரங்கள்' மாதம் 2,000 ரூபாய் தருகிறது. விண்ணப்பத்துக்கு விருதுநகரிலுள்ள மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகை அணுகலாம். 1098-க்கு போன் போட்டும் கேட்கலாம். சான்று கேட்கும்போது, அப்பன் செத்திருந்தால் இறப்புச் சான்றிதழ் இருக்கும். ஓடிப்போனவனுக்கு எதைக் காட்டுவது?

பதினெட்டு வயது முடிந்தபின் அதே சட்டத்தின் 46-ஆம் பிரிவின் உதவி இருக்கிறது. அது குழந்தைகள் இல்லத்திலிருந்து வெளியேறுகிறவர்களுக்கு. அப்பத்தா வளர்த்த பிள்ளை அந்தக் கணக்கில் வராது. அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போனால், மற்றவர்களைப் போலவே புதுமைப்பெண் திட்டமோ தமிழ்ப்புதல்வன் திட்டமோ மாதம் 1,000 ரூபாய் தரும்.