ரெக்கார்டின் வயதை எங்கே பார்ப்பது?

விருதுநகர், சிவகாசிப் பக்கம் பழைய மைக்செட்காரர்கள் வீட்டுப் பரணில் இசைத்தட்டுகள் இன்னும் கிடக்கின்றன. கல்யாணத்துக்கும் பங்குனிப் பொங்கலுக்கும் குழாய் கட்டி ஒலித்தவை. வாங்க வருபவர் முதலில் லேபிளைத்தான் பார்க்கிறார். ஆனால் லேபிள் வெறும் காகிதம். அச்சுத்தொழில் தெரிந்தவர் அதைப் போலவே இன்னொன்று அடித்துவிட முடியும்.

அதனால் லென்ஸ் வைத்துப் பாருங்கள். பொடிப்பொடி வண்ணப் புள்ளிகள் தெரிந்தால் சந்தேகப்படலாம். பழைய லேபிள்களில் பெரும்பாலும் மை நிறைந்த வண்ணமாகவே படிந்திருக்கும். லேபிளின் ஓரத்தையும் விரலால் தடவுங்கள். தட்டை அச்சில் அழுத்தும்போதே சூட்டோடு லேபிளும் பதிந்துவிடும். பிற்பாடு ஒட்டியது ஓரத்தில் தட்டுப்படும்.

அரக்குத் தட்டு என்பதாலேயே அது மிகப் பழையது என்று சொல்ல முடியாது. பீட்டில்ஸ் பாட்டுகூட 1960களில் இந்தியாவில் 78 சுற்று அரக்குத் தட்டாக வந்தது.

எனக்கு முக்கியமாகப் படுவது, லேபிளுக்கு வெளியே வழவழப்பான இடத்தில் பதிந்திருக்கும் மேட்ரிக்ஸ் எண். அது ஒலிப்பதிவுக்கு உரிய எண். லேபிளோ அந்தப் பிரதி எப்போது அச்சானது என்பதற்குத் துப்பு தரும். இரண்டுக்கும் நடுவே பல ஆண்டுகள் இருக்கலாம். நாடகப் பாடகர் எஸ்.ஜி. கிட்டப்பா 1933இல் மறைந்தார். அவர் பாடிய தட்டின் லேபிளில் 'பிரைவேட் லிமிடெட்' என்று இருந்தால் அது 1956ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டத்துக்குப் பிந்திய மறு அச்சு. குரல் அவருடையதுதான், முதல் அச்சுக்கான விலையைக் கொடுக்க வேண்டியதில்லை.

கம்பெனிப் பெயரும் காலம் சொல்லும். 'கிராமபோன் அண்ட் டைப்ரைட்டர்' என்ற பெயர் 1907 வரைதான் இருந்தது. 1908இல் கொல்கத்தா சியால்தாவில் ஆலை வரும்வரை அந்தக் கம்பெனியின் இந்தியத் தட்டுகள் ஜெர்மனியின் ஹானோவரில் அச்சாயின. 1902இல் பதிவான பாடகி கௌஹர் ஜானின் தட்டுகளும் அங்கேதான் அச்சாயின. தட்டு முடியும் இடத்தில் அவர் தன் பெயரைச் சொல்வது கேட்கும். லேபிள் கிழிந்துபோன தட்டுக்கு அப்படியொரு அறிவிப்பு பெரிய ஆதாரம்.

கடைசியாக எண்ணை ஒப்பிடுங்கள். 1908 வரையிலான இந்தியப் பதிவுகளை மைக்கேல் கின்னியர் தொகுத்திருக்கிறார். பிற்காலத் தட்டுகளுக்குக் கம்பெனிகள் வெளியிட்ட பட்டியல்களும் பாட்டுப் புத்தகங்களும் உதவும்.

எண் சரியாகத் தெரியவில்லை என்று ஸ்பிரிட் தொட்டுத் துடைத்துவிடாதீர்கள். அரக்கு அதில் கரைந்துவிடும். மென்மையான உலர்ந்த துணியால் தூசியைத் தட்டி, விளக்கைச் சாய்த்துப் பிடித்தாலே எண் தெரியும்.