முருகன் வேடத்தில் விடுதலைப் பாட்டு: விஸ்வநாததாஸ் (1886–1940)

சிவகாசியில் பிறந்த விஸ்வநாததாஸ், ஸ்பெஷல் நாடக மேடையின் ராஜபார்ட் நடிகர். ஒலிபெருக்கி இல்லாத காலம் அது. ஆர்மோனியத்தையும் தாண்டி எழும்பி, தரையில் அமர்ந்திருந்த கடைசி ஆள்வரை எட்டியது அவர் குரல்.

புராண நாடகத்தின் போக்கையே அவர் மாற்றினார். 'வள்ளி திருமணம்' நாடகத்தில் தினைப்புனத்துப் பறவைகளை விரட்டும் காட்சி உண்டு. அந்த நாடகத்தில் மதுரகவி பாஸ்கரதாஸின் கொக்குப் பாட்டைப் பாடுவார். வெள்ளைக் கொக்கு ஆங்கிலேயர்தான் என்று கூட்டத்துக்குத் தெரியும். காவலுக்கு நின்ற போலீசாருக்கும் தெரியும். கைதானார், பலமுறை சிறை சென்றார், வெளியே வந்ததும் மறுபடி மேடையேறிப் பாடினார். பாட்டுக்காகச் சிறை கண்டவர் இவர்.

முடிதிருத்தும் மருத்துவர் சமூகத்தில் பிறந்தவர் என்பதால் இவருடன் நடிக்க மறுத்தோரும் உண்டு. அந்த அவமதிப்பைத் தாங்கி நின்றதையும் சேர்த்தே இவர் புகழை அளக்க வேண்டும்.

1940 டிசம்பர் 31 அன்று சென்னையில், முருகன் வேடத்தில் மயில்மீது அமர்ந்து பாடிக்கொண்டிருந்தபோது மேடையிலேயே உயிர் பிரிந்தது. வயது 54. அவர் வாழ்ந்த திருமங்கலத்தில் அவருக்கு நினைவு இல்லம் இருக்கிறது.