விசைப்பலகையில் உலகம் – 9: ஸ்பேஸ் பாரை அழுத்தினால் ஜப்பானிய மொழி

சென்ற வாரம் கொரிய மொழியைப் பார்த்தோம். அடிப்படை எழுத்துகள் 24. ஒரு விசைக்கு ஓர் எழுத்து என்று வைத்தாலே பெரும்பாலும் வேலை முடிந்துவிடும். ஜப்பானிய மொழியில் அந்தக் கணக்கு எடுபடாது. ஹிரகானா, கட்டகானா என்று இரண்டு ஒலியெழுத்து வரிசைகள் இருக்கின்றன. அவற்றோடு சீனத்திலிருந்து வந்த கான்ஜியும் ஒரே வாக்கியத்தில் கலந்து வரும். அன்றாடப் பயன்பாட்டுக்கென ஜப்பானிய அரசு 2010-இல் திருத்தி வெளியிட்ட பட்டியலில் மட்டும் 2,136 கான்ஜிகள். எந்த விசைப்பலகை இதைத் தாங்கும்?

சுகிமோட்டோ கியோட்டா 1915-இல் ஒரு விடை கண்டார். சுமார் 2,400 ஈய எழுத்துகளைத் தட்டில் அடுக்கி, வேண்டியதைத் தேடி, ஒரு கையால் தூக்கித் தாளில் அடிக்கும் தட்டச்சுப் பொறி அது. ஓட்டுவதற்குத் தனிப் பயிற்சி வேண்டும். அலுவலகங்களுக்குச் சரி, வீட்டில் உட்கார்ந்து அம்மாவுக்குக் கடிதம் அடிக்கிற கருவி அல்ல. கான்ஜியையே கைவிட்டு ஒலியெழுத்துகளில் மட்டும் எழுதுவோம் என்று வாதாடியவர்கள் ஜப்பானில் இருந்தார்கள். இயந்திர யுகத்துக்குக் கான்ஜி பொருந்தவில்லை என்பது அந்த வாதத்தின் முக்கியமான தூண்.

தூணைச் சாய்த்தது 1978 செப்டம்பரில் தோஷிபா அறிவித்த ஜேடபிள்யூ-10. ஒரு மேசை அளவு பெரிது, விலை 63 லட்சம் யென். மோரி கெனிச்சியின் குழு அதற்குள் வைத்த யோசனை எளிமையானது: மனிதர் ஒலியை அடிக்கட்டும், எந்தக் கான்ஜி என்பதை அகராதியையும் இலக்கணத்தையும் பார்த்து இயந்திரம் முன்வைக்கட்டும், சரியானதை மனிதர் தேர்ந்தெடுக்கட்டும். கான்ஜி இன்றும் உயிரோடிருப்பதில் இந்த யோசனைக்குப் பெரும் பங்கு உண்டு என்றே நான் நினைக்கிறேன். அதே யோசனை இன்று உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் காசில்லாமல் கிடைக்கிறது.

விண்டோஸ் 11-இல் செட்டிங்ஸ் திறந்து, டைம் அண்ட் லாங்குவேஜ், அதற்குள் லாங்குவேஜ் அண்ட் ரீஜன், அங்கே ஆட் எ லாங்குவேஜ் என்று போய் ஜாப்பனீஸைத் தேர்ந்தெடுங்கள். நிறுவும் முன் விண்டோஸின் காட்சி மொழியாக வைக்கட்டுமா என்று ஒரு கட்டம் கேட்கும். அதில் டிக் இருந்தால் எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் மெனு முழுவதும் ஜப்பானியமாகிவிடும். மேக்கில் கீபோர்டு அமைப்பில் இன்புட் சோர்ஸ் பகுதியில் ஜாப்பனீஸ் ரோமாஜியைச் சேர்த்தால் போதும். லினக்ஸ்காரர்களுக்கு மோஸ்க் இருக்கிறது. கூகுள் 2009-இல் வெளியிட்ட ஜப்பானிய உள்ளீட்டு மென்பொருளின் திறமூல வடிவம் அது.

விண்டோஸ் விசையும் ஸ்பேஸும் சேர்ந்தால் மொழி மாறும். ஜப்பானியத்துக்குள் வந்தபின், ஆங்கில எழுத்துக்கும் ஹிரகானாவுக்கும் இடையே தாவ ஆல்ட்டோடு எண் 1-க்கு இடப்பக்கம் உள்ள விசை. ஷிப்டும் 2-ம் அழுத்தி மின்னஞ்சலின் 'அட்' குறிக்குப் பதில் இரட்டை மேற்கோள் வந்தால் பயப்பட வேண்டாம். உங்களிடம் ஜப்பானிய விசைப்பலகை இருப்பதாக விண்டோஸ் எடுத்துக்கொண்டிருக்கிறது. மொழியின் ஆப்ஷன்ஸுக்குள் கீபோர்டு லேஅவுட்டை 101 விசை என்று மாற்றி, ஒருமுறை ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

இனி அடித்துப் பார்க்கலாம். தமிழை ஆங்கில எழுத்தில் அடித்துப் பழகியவர்களுக்குப் பாதி தூரம் ஏற்கெனவே கடந்தாயிற்று. 'கோகோதே ஹகிமோனோ' என்பதை இடைவெளி விடாமல் ஆங்கில எழுத்துகளில் அடியுங்கள். ஹிரகானாவாக வரிசைகட்டி நிற்கும்; அடியில் கோடு இருக்கும். இன்னும் எதுவும் உறுதியாகவில்லை என்று அந்தக் கோட்டுக்குப் பொருள். இப்போது ஸ்பேஸ் பார். கம்ப்யூட்டர் தொடரைத் துண்டுகளாகப் பிரித்துக் கான்ஜியாக்கும். சிக்கல் எங்கே பிரிப்பது என்பதில்தான். நடுவிலுள்ள 'ஹ' பின்னால் சேர்ந்தால் 'இங்கே காலணி'. முன்னால் சேர்ந்தால் அதை 'வ' என்று வாசிக்க வேண்டும், பொருளும் 'இங்கே கிமோனோ' என்றாகிவிடும். கழற்றவும் என்ற சொல் தொடரும்போது இந்த வித்தியாசம் சின்னதல்ல! தவறாகப் பிரிந்திருந்தால் ஷிப்டைப் பிடித்துக்கொண்டு அம்புக்குறி விசையால் துண்டின் எல்லையை நகர்த்துங்கள், மறுபடி ஸ்பேஸ், சரியானதும் என்டர். புதிதாகக் கற்பவர்கள் பலர் இந்த ஷிப்ட்–அம்புக்குறியைத் தெரிந்துகொள்ளாமல் சொல் சொல்லாக அடித்துத் திண்டாடுகிறார்கள். முழுத் தொடராக அடிப்பதே நல்லது. சுற்றியுள்ள சொற்களைப் பார்த்துத்தான் மென்பொருள் கான்ஜியைத் தீர்மானிக்கிறது.

காதில் விழுவதை அடிக்கக் கூடாது, ஹிரகானாவில் எழுதியிருப்பதை அடிக்க வேண்டும். டோக்கியோ என்பதில் இரண்டு ஓகாரங்களும் நெடில். ஒவ்வொன்றுக்குப் பின்னும் 'யு' விசையை அடித்தால்தான் நகரத்தின் பெயர் வரும். 'கொன்னிச்சிவா' என்ற வணக்கத்தில் 'என்' விசையை மூன்று முறை தட்ட வேண்டும்: முதல் இரண்டும் மெய்யெழுத்துக்கு, மூன்றாவது 'னி'க்கு. கடைசி எழுத்து வாயில் 'வா', விசையில் 'ஹ'.

தமிழ்ப் பெயர்களைக் கட்டகானாவில்தான் எழுதுவார்கள். அடித்துவிட்டு எஃப்7 அழுத்தினால் ஹிரகானா கட்டகானாவாகிவிடும். ஆனால் ஜப்பானியத்தில் ல, ர வேறுபாடு கிடையாது. விண்டோஸில் 'எல்' விசை சிற்றெழுத்துகளுக்கென ஒதுக்கப்பட்டது. ஆகவே கமலா என்பவர் 'எல்' போட்டால் பெயரின் கடைசியில் குட்டியாக ஓர் 'அ' ஒட்டிக்கொண்டு நிற்கும். 'ஆர்' போடுங்கள். நெடில் வேண்டுமென்றால் ஹைபன் விசை.

எழுத்துருவையும் கவனியுங்கள். சீனத்துக்கும் ஜப்பானியத்துக்கும் பொதுவான எழுத்துகள் பலவற்றுக்கு யூனிகோடு ஒரே எண்ணைத் தந்திருக்கிறது. வடிவத்தை முடிவு செய்வது எழுத்துரு. 'நேர்' என்ற பொருளுடைய கான்ஜிக்கு ஜப்பானிய வடிவில் இடப்பக்கமிருந்து அடிவரை ஒரு மூலைக்கோடு உண்டு, சீன வடிவில் அது இல்லை. வேர்டில் பத்தியைத் தேர்ந்தெடுத்து மொழியை ஜப்பானியம் என்று குறித்து, எழுத்துருவை யூ கோதிக் அல்லது மெய்ரியோவாக வையுங்கள்.

கடைசியாக, ஆட்பெயர்கள். வத்தனாபே என்ற குடும்பப் பெயரின் 'பே'வுக்கு மட்டும் பல வடிவங்கள் வழக்கில் உள்ளன. மென்பொருள் முதலில் காட்டுவதை அப்படியே போட்டு ஒருவருக்குக் கடிதம் அனுப்புவது மரியாதையல்ல. அவருடைய விசிட்டிங் கார்டைப் பார்த்து, அதே எழுத்தைப் பட்டியலில் தேடியெடுத்து, டாஸ்க் பாரில் உள்ள உள்ளீட்டுக் குறியை வலது கிளிக் செய்து ஆட் வேர்டில் பதிந்து வையுங்கள். அடுத்த முறை ஒலியை அடித்து ஸ்பேஸ் தட்டினாலே அந்த எழுத்து பட்டியலில் வந்து நிற்கும்.