ஓவனைத் தொட்டால் 'சுர்'ரென்கிறதா?

கை மரமரப்புக்கு மருந்து கேட்டு வந்த அம்மாள் ஒருவர், "ஓவனைத் தொட்டாதான் டாக்டர், சுர்ருங்குது" என்றார். வைத்தியம் அவருக்கல்ல, ஓவனுக்குத்தான்!

பல நாள் சும்மா கிடந்த ஓவனின் சூடேற்றும் குழாய்க்குள் ஈரம் ஏறும். மின்சாரம் வெளித்தகட்டுக்குக் கசியும். எர்த் சரியாக இருந்தால் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. உடனே விழுந்துவிடும். அதைத் திரும்பத் திரும்பத் தூக்கிவிடாதீர்கள். தொட்டதும் 'சுர்'ரென்றால் எர்த்திலேயே கோளாறு என்று பொருள். மெயினை அணைத்துப் பிளக்கைக் கழற்றுங்கள். எலக்ட்ரீஷியன் பார்க்கும்வரை ஓவன் வேண்டாம்.

2000 வாட் ஓவன் 230 வோல்ட்டில் ஏறக்குறைய 9 ஆம்பியர் இழுக்கும். அதற்கு 16 ஆம்பியர் பாயிண்ட்தான் சரி.

யாரையாவது மின்சாரம் பிடித்துக்கொண்டால் தொடாதீர்கள். முதலில் மெயினை அணையுங்கள். மயங்கிவிட்டால் கஷாயம் தேட வேண்டாம், 108-ஐக் கூப்பிடுங்கள்.