பேசும் பெட்டியும் தீரும் மின்கலமும்

சின்னாளப்பட்டியில் சுங்குடிச் சேலை விற்கும் கடைக்காரர், பண்டிகைக் கால நெரிசலில் கைப்பேசியை எடுத்துப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. யுபிஐ வழியே பணம் வந்துவிட்டதாக மேசைமீதுள்ள ஒலிப்பெட்டி அறிவித்ததும், அந்தக் குரலை நம்பிச் சேலையைக் கொடுத்தனுப்புகிறார். அறிவிப்பு உண்மையான சேவையகத்திலிருந்துதான் வருகிறதா என்பதைச் சரிபார்ப்பது பாதுகாப்பான இணைப்பின் வேலை.

சிம் அட்டையும் மின்கலமும் கொண்ட இத்தகைய கருவிகளில் மின்னூட்டம் விரைவில் தீர்ந்தால், பழி மறையாக்கத்தின்மீது விழுகிறது. அது முழு உண்மையன்று. சிறு செய்தி ஒன்றைப் பூட்டி அனுப்ப ஆகும் மின்சாரம் சொற்பமே. தொடக்க அறிமுகம்தான் செலவு மிக்கது: சான்றிதழ் வர வேண்டும், கணக்கீடுகள் நடக்க வேண்டும், அதுவரை வானலைப்பகுதி விழித்திருக்க வேண்டும். வேலை முடிந்தாலும் அது உடனே உறங்குவதில்லை. சில விநாடிகள் காத்திருக்கிறது. பத்துச் சொல் அறிவிப்புக்காக ஒவ்வொரு முறையும் புதிதாக அறிமுகம் செய்துகொள்வது, கடுதாசியைவிட அஞ்சல்தலைக்கு அதிகம் செலவழிப்பது போன்றது.

இணைப்பைத் துண்டிக்காமலே வைத்திருக்கலாமே? அதிலும் சிக்கலுண்டு. கைப்பேசி நிறுவனங்கள் ஒரே இணைய முகவரியைப் பல வாடிக்கையாளர்களுக்குப் பகிர்ந்தளிக்கின்றன. நெடுநேரம் பேசாத இணைப்பின் பதிவை அழித்துவிடுகின்றன. எனவே கருவி அவ்வப்போது 'இருக்கிறேன்' என்று குரல் கொடுக்க வேண்டும். அடிக்கடி கொடுத்தால் மின்கலம் தீரும். அரிதாகக் கொடுத்தால் இணைப்பு அறுந்து அறிவிப்பு தாமதமாகும். வாடிக்கையாளர் பணம் செலுத்திவிட்டதாகச் சாதிப்பார்; பெட்டியோ வாய் திறக்காது.

2018 ஆகஸ்டில் வெளியான டிஎல்எஸ் 1.3 நெறிமுறை, புதிய அறிமுகத்துக்கான இரண்டு சுற்றுப் பயணங்களை ஒன்றாகக் குறைத்தது. முன்பே பழகியவர்கள் சான்றிதழ் இன்றியே பேச்சைத் தொடரவும் வழியுண்டு. 2022-இல் அதன் உறவு நெறிமுறையான டிடிஎல்எஸ்ஸுக்கு 'இணைப்பு எண்' வந்தது. வாடிக்கையாளர் வீடு மாறினாலும், மளிகைக் கடைக்காரர் பற்றுநோட்டின் பக்க எண்ணை வைத்தே கணக்கைத் தொடர்வதில்லையா? அதுபோலக் கருவியின் முகவரி மாறினாலும் மறு அறிமுகம் தேவையில்லை. தள்ளுவண்டியோடு ஊர் சுற்றும் கருவிக்கு இது பெரிய வசதி.

இவ்வளவு வழிகள் இருக்கையில், மின்கலத்தைக் காரணம் காட்டிச் சான்றிதழ்ச் சரிபார்ப்பையே கைவிடுவதை ஏற்க இயலாது. அதனால் மிச்சமாவது சிறிது மின்னூட்டம். பொய்யான அறிவிப்பு ஒன்று நுழைந்தால் போவது நெசவாளரின் பல நாள் உழைப்பு. பெட்டிக்கு வாடகை செலுத்தும் வணிகர், அதன் மென்பொருள் எப்போது புதுப்பிக்கப்பட்டது என்று வழங்கும் நிறுவனத்திடம் கேட்கலாம்.